வீட்டுக் கடைசல்: லேத் வாங்கும் முன்

மரத்தைச் சுழலவிட்டு உளியால் உருக்கொடுக்கும் கடைசல் வேலை, மேலை நாடுகளில் இன்று பெரும்பாலும் பொழுதுபோக்காகவே வாழ்கிறது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கார் நிறுத்தும் கொட்டகையில் ஒரு லேத்தும் நாலைந்து உளியும் வைத்துக்கொண்டு கிண்ணமும் பேனாவும் கடைபவர்கள் ஏராளம். அவர்களில் பலர் பணி ஓய்வு பெற்றவர்கள். தமிழ்நாட்டிலும் இந்த ஆசை மெல்லப் பரவிவருகிறது. காணொளிகளைப் பார்த்து மனம் பறிகொடுத்தவர்கள் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எந்த லேத் வாங்கலாம்?

அந்தக் கேள்வி தவறானதல்ல, ஆனால் அதன் முறை வரும் முன் கேட்க வேண்டியவை மூன்று இருக்கின்றன. யாரிடம் கற்பது? உளிக்குக் கூர் வைப்பது எப்படி? தூசியிலிருந்து நுரையீரலைக் காப்பது எப்படி? இம்மூன்றுக்கும் விடை தெரிந்தவர் சுமாரான லேத்திலும் அழகாகக் கடைவார். தெரியாதவருக்கு விலையுயர்ந்த எந்திரமும் உதவாது. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டு, வீட்டுக் கடைசல் பற்றிப் பொதுவாகப் பேசப்படும் கருத்துகளை ஒவ்வொன்றாகப் பரிசீலிப்போம். நம் ஊரில் இதைக் கற்பவருக்கு மேலை நாட்டவருக்கு இல்லாத ஒரு வசதியும் உண்டு. அதைச் சுட்டிக்காட்டுவதே இக்கட்டுரையின் முக்கிய நோக்கம்.

தொழில் பொழுதுபோக்கான கதை

கடைசலின் வயது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல். எகிப்தில் கி.மு. 300 வாக்கில் எழுந்த பெட்டோசிரிஸ் கல்லறையின் சுவர்ச் சிற்பத்தில் இருவர் கடைசல் வேலை செய்கிறார்கள். ஒருவர் வாரை மாறி மாறி இழுத்து மரத்தைச் சுழற்ற, மற்றவர் உளி பிடிக்கிறார். இந்தியாவில் வில்லைக் கொண்டு சுழற்றும் முறை நெடுங்காலம் வழங்கியது. கடைபவர் தரையில் அமர்ந்து, ஒரு கையால் வில்லை இழுத்து, மறு கையால் உளியைப் பிடித்து, கால் விரலால் அதன் முனையை நிலைநிறுத்துவார். ஐரோப்பாவில் வளையும் கழி ஒன்றின் நுனியில் கயிறு கட்டிக் காலால் மிதிக்கும் லேத் வந்தது. இவை எல்லாவற்றிலும் மரம் முன்னும் பின்னுமாகச் சுழலும். முன்னே வரும்போது மட்டும் உளி வெட்டும்.

லண்டனில் கடைசல்காரர் சங்கம் 1604இல் அரச சாசனம் பெற்றது. அதே நூற்றாண்டு முடிவதற்குள் கடைசல் அரசர்களின் ஆசையாகவும் ஆகிவிட்டது. ரஷ்யாவின் மகா பீட்டர் தன் அரண்மனையிலேயே கடைசல் பட்டறை வைத்திருந்தார். பிரெஞ்சுத் துறவி ஷார்ல் ப்ளூமியே 1701இல் இந்தக் கலைக்கென்றே ஒரு பெரிய நூலை வெளியிட்டார்.

தொழிலின் கதை வேறு திசையில் போனது. இங்கிலாந்தில் ஹை விக்கம் நகரைச் சுற்றியிருந்த பீச் மரக் காடுகளில், ஈர மரத்திலேயே நாற்காலிக் கால்களைக் கடைந்து தொழிற்சாலைகளுக்கு விற்றுவந்தவர்கள் 20ஆம் நூற்றாண்டில் தேய்ந்து மறைந்தார்கள். பெர்க்‌ஷயரில் மிதி லேத்தில் கிண்ணம் கடைந்துவந்த ஜார்ஜ் லெய்லி 1958இல் இறந்தபோது, அந்த வழியில் வந்த கடைசிக் கைவினைஞர் என்று அவரைச் சொன்னார்கள். அவருடைய லேத்தும் உளிகளும் ரெடிங் நகரிலுள்ள கிராமிய வாழ்க்கை அருங்காட்சியகத்துக்குப் போயின. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு ராபின் வுட் என்பவர் அந்தக் கருவிகளை உற்றுநோக்கி, அதே மாதிரி உளிகளை அடித்து, தட்டுத்தடுமாறி அக்கலையை மீட்டெடுத்தார். ஆசான் இருந்திருந்தால் ஒரு பருவத்தில் கைவந்திருக்கக் கூடியதை, கருவியின் தேய்மானத்தைப் பார்த்து ஊகித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

அமெரிக்காவில் வேறொரு தொடக்கம். பொறியியல் படித்த ஜேம்ஸ் பிரெஸ்டினி 1930களில் தானாகக் கற்றுத் தாள்போல் மெல்லிய மரக் கிண்ணங்களைக் கடைந்தார். அவை நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் வரை போயின. இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடந்தராமல் முகாமில் வைக்கப்பட்ட பாப் ஸ்டாக்ஸ்டேல், அங்கே இருந்த லேத்தில் கிண்ணம் கடையத் தொடங்கி, பின்னர் வாழ்நாள் முழுதும் அதையே செய்தார். 1976இல் பிலடெல்பியா அருகே தொடங்கிய கருத்தரங்குகள் தனித்தனியே இருந்தவர்களை ஒன்றுசேர்த்தன. 1986இல் அமெரிக்கக் கடைசல்காரர் சங்கம் உருவாயிற்று. மறு ஆண்டே பிரிட்டனிலும் ஒரு சங்கம் எழுந்தது. பீட்டர் சைல்டின் நூல் 1971இலும், டேல் நிஷின் நூல் 1975இலும், ரிச்சர்ட் ராஃபனின் நூல் 1985இலும் வந்து, பட்டறையில் வாய்மொழியாக இருந்த அறிவைப் பொதுவில் வைத்தன.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அங்கே பொழுதுபோக்கு வளர்ந்தது தொழில் அழிந்த பிறகு. அறுந்துபோன இழையைச் சங்கங்களும் புத்தகங்களும் மாலைநேர வகுப்புகளும் சேர்த்து முடிய வேண்டியிருந்தது.

நம்மிடம் அறுபடாத இழை

நம் ஊரில் இழை இன்னும் அறுந்துவிடவில்லை. கட்டில் கால், தொட்டில் கட்டை, மாடிப்படிக் கம்பம், பூரிக்கட்டை, மத்து, பம்பரம், நடைவண்டி என்று கடைந்துகொடுக்கும் பட்டறைகள் சிறு நகரங்களில்கூட உண்டு. அம்பாசமுத்திரத்தின் சொப்புச் சாமான்கள் பல தலைமுறைக் குழந்தைகளின் சமையலறை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மஞ்சக்கடம்பில் ஒருகாலத்தில் கடைந்தவர்கள், அது கிடைப்பது அரிதானதும் வேறு மரங்களுக்கு மாறினார்கள். கும்பகோணத்தை அடுத்த நரசிங்கன்பேட்டையில் நாதஸ்வரம் கடைகிறார்கள். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் நாள்பட்ட ஆச்சா மரமே அதற்கு உகந்தது. நீண்ட துளையைச் சரியாகப் போட்டு, வெளிப்புறத்தைக் கடைசலில் இழைத்து எடுக்கும் அந்த வேலைக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

கர்நாடகத்தின் சென்னபட்டணமும் ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாகாவும் அரக்குப் பூசிய கடைசலுக்குப் பெயர்போனவை. இரண்டு ஊரிலும் முதன்மையான மரம் வெட்பாலை. நிறம் ஏற்றும் முறையை அருகிலிருந்து பார்க்க வேண்டும். கடைந்து மெருகேறிய பொம்மை லேத்திலேயே சுழன்றுகொண்டிருக்கும். நிறம் கலந்த அரக்குக் குச்சியைக் கைவினைஞர் அதன்மேல் அழுத்துவார். உராய்வின் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் வரிவரியாக ஒட்டும். உடனே தாழை மடலை நான்காக மடித்து வைத்து அழுத்தி இழுப்பார். சூடு மறுபடி எழும், வரிகள் கலந்து ஒரே பூச்சாகும், கண்ணாடி போன்ற பளபளப்பு வரும். தூரிகை கிடையாது, காயக் காத்திருப்பதும் கிடையாது. மரத்தின் வேகம், அழுத்தும் விசை, அரக்கு உருகும் சூடு ஆகிய மூன்றையும் அவர் கை ஒரே நேரத்தில் கணக்கிடுகிறது. எத்தனை காணொளி பார்த்தாலும் அந்த அழுத்தத்தின் அளவு பிடிபடாது. அருகில் உட்கார்ந்து, அவர் கைமேல் கை வைத்துப் பார்த்தால் சில நிமிடங்களில் பிடிபடும்.

கூர்தான் பாதி வேலை

கடைசல் கற்பிக்கும் நல்லாசிரியர்கள் ஏறத்தாழ எல்லோரும் ஒத்துப்போகும் கருத்து இது: தொடக்கக்காரரின் தொல்லைகளில் பெரும்பகுதி மழுங்கிய உளியால் வருவது. மழுங்கிய உளி வெட்டாது, தள்ளும். தள்ளும் உளியை இன்னும் அழுத்துகிறோம். அழுத்தம் கூடியதும் திடீரென்று முனை மரத்துக்குள் குத்தி இறங்குகிறது. வேலை பாழாகிறது, சிலசமயம் மரம் அதைப் பிடித்திருக்கும் சக்கிலிருந்தே கழன்று பறக்கிறது. பயந்துபோனவர் எந்திரத்தைக் குறைசொல்கிறார்.

தச்சரின் உளிக்கு ஒருமுறை சாணை பிடித்தால் பாதி நாள் ஓடும். கடைசலில் அப்படியில்லை. நிமிடத்துக்கு ஆயிரம் அடிக்கும் மேலான நீளம் மரம் உளியின் விளிம்பைக் கடந்து ஓடுகிறது. கடினமான மரத்தில் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறையாவது சாணைக்குப் போக வேண்டும். ஆகவே லேத்தை அடுத்து வாங்க வேண்டிய எந்திரம் பெஞ்ச் கிரைண்டர். அதை லேத்திலிருந்து இரண்டெட்டுத் தொலைவில், எப்போதும் தயாராக வைத்திருக்க வேண்டும். எட்டு அங்குலக் கல்லும் நிமிடத்துக்கு 1,400 சுற்று வேகமும் கொண்டது நல்லது. இரட்டை வேகத்தில் ஓடுபவை புதியவர் கையில் இரும்பை விரைவில் தின்றுவிடும். இன்றைய உளிகள் பெரும்பாலும் ஹைஸ்பீடு ஸ்டீலில் வருவதால் சூடு பற்றிய பழைய பயம் குறைந்துவிட்டது. சாதாரணக் கார்பன் எஃகு 300 டிகிரி செல்சியஸை நெருங்கி நீலம் பாய்ந்தால் அதன் கடினம் போய்விடும். ஹைஸ்பீடு ஸ்டீல் 500 டிகிரியைத் தாண்டியும் தாங்கும்.

வெறுங்கையால் சாணை பிடிப்பதா, உளியை ஒரே கோணத்தில் பிடித்துக்கொள்ளும் ஜிக் வைத்துக்கொள்வதா என்பது நெடுநாள் விவாதம். கையால் பிடிப்பது வேகமானது, எந்த வடிவத்துக்கும் வளைந்துகொடுக்கும். ஆனால் அந்தக் கை அமைய மாதங்கள் ஆகும். அதற்குள் உளியின் முகம் பலகோணமாகிக் கெட்டிருக்கும். வாரத்துக்குச் சில மணி நேரம் மட்டும் பட்டறைக்குள் நுழையும் பொழுதுபோக்காளர் ஜிக்கில் தொடங்குவதே சரி. ஒரே கோணம் திரும்பத் திரும்பக் கிடைக்கும்போதுதான், தவறு உளியிலா கையிலா என்று பிரித்தறிய முடியும்.

எளிய சோதனைகள் இரண்டு உண்டு. சாணைக்கு முன் உளியின் சரிவு முழுவதும் கறுப்பு மார்க்கரால் பூசி, கல்லில் ஒருமுறை தொட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். மை அழிந்த இடத்தில்தான் கல் படுகிறது. விளிம்பருகே மட்டும் அழிந்தால் கோணம் செங்குத்தாக இருக்கிறது, அடிப்பக்கம் மட்டும் அழிந்தால் படுத்திருக்கிறது. சரிவு முழுக்க ஒரே சீராக அழியும்வரை திருத்த வேண்டும். இரண்டாவது சோதனைக்கு உளியின் விளிம்பை விளக்குக்கு நேராகப் பிடித்தாலே போதும். மழுங்கிய விளிம்பு வெள்ளைக் கோடாக மின்னும். கூரான விளிம்பில் ஒளி பட இடமிருக்காது, அது கண்ணுக்கே தெரியாது.

எந்த உளி, எத்தனை உளி

கடைகளில் எட்டு உளி, பத்து உளி கொண்ட பெட்டிகள் கவர்ச்சியாகக் கிடைக்கும். அவற்றில் பாதி தொடப்படாமலே துருப்பிடிக்கும். தொடக்கத்துக்கு ஐந்து போதும். சதுரக் கட்டையை உருளையாக்க ஒரு பெரிய ரஃபிங் கௌஜ் (கௌஜ் என்பது குழிந்த வாயுள்ள உளி), மணியும் பள்ளமும் கடைய ஒரு சிறு கௌஜ், கிண்ணத்துக்கு ஒரு போல் கௌஜ், வழுவழுப்பான பரப்புக்குச் சாய்ந்த முனையுடைய ஸ்கியூ உளி, துண்டித்தெடுக்க ஒரு பார்ட்டிங் உளி. பிறகு வேண்டுமானால் ஒரு ஸ்கிரேப்பர் சேர்த்துக்கொள்ளலாம்.

ரஃபிங் கௌஜ் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். அதன் வாய் அகலமாக இருந்தாலும், பிடிக்குள் போகும் வால் பகுதி ஒடுங்கியது. நீளவாக்கில் நார் ஓடும் கட்டைக்கு மட்டுமே அது. கிண்ண மரத்தில் வைத்தால் வால் ஒடிந்து உளி முகத்தை நோக்கிப் பாயலாம். கடைசல் விபத்துகளில் தவிர்க்கக் கூடியவற்றில் இது முதன்மையானது.

அண்மைக் காலத்தில் கார்பைடு முனை பொருத்திய உளிகள் பரவலாகியுள்ளன. சிறிய வில்லையைத் திருகால் பொருத்தி, ஒரு பக்கம் மழுங்கினால் திருப்பி வைத்துக்கொள்ளலாம். சாணையே வேண்டாம், பயிற்சியும் அதிகம் வேண்டாம். கை நடுக்கமுள்ள முதியவர்களுக்கும், பேனா போன்ற சிறு பொருள்களை மட்டும் செய்ய விரும்புவோருக்கும் அவை நல்ல துணை. ஆனால் பெரும்பாலான கார்பைடு முனைகள் மரத்தைச் சுரண்டுகின்றன. கூரான கௌஜ் நாரைச் சீவி எடுக்கும் இடத்தில் அவை பிய்த்தெடுக்கும். மா போன்ற மிருதுவான மரத்தில் பரப்பு சொரசொரப்பாகிவிடும். அதைச் சரிசெய்ய உப்புத்தாளை நீண்ட நேரம் தேய்க்க வேண்டும். அதன் விலையை நுரையீரல் கொடுக்கிறது. ஆதலால் கார்பைடைத் துணைக்கருவியாக வைத்துக்கொண்டு, சீவும் கலையைக் கௌஜில் கற்பதே நல்லது.

எந்திரமும் இடமும்

இனி லேத். பார்க்க வேண்டிய அளவுகள் சில. படுக்கைக்கு மேல் எத்தனை அங்குல விட்டமுள்ள மரம் சுழலும், இரு முனைகளுக்கிடையே எத்தனை நீளம் கொள்ளும், மோட்டாரின் திறன் என்ன, வேகத்தை மாற்றுவது எப்படி, மொத்த எடை எவ்வளவு. பன்னிரண்டு அங்குல விட்டமும் பதினெட்டு அங்குல நீளமும் கொள்ளும் மேசை லேத் வீட்டுக்குத் தாராளம். முக்கால் அல்லது ஒரு குதிரைத்திறன் மோட்டார், வீட்டிலிருக்கும் ஒற்றை பேஸ் மின்சாரத்திலேயே ஓடும். வேகத்தைக் குமிழ் திருகி மாற்றும் வசதிக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் தவறில்லை. பெல்ட்டை மாற்றிப் போடும் சலிப்பில் தவறான வேகத்திலேயே ஓட்டிவிடுவது மனித இயல்பு.

வேகத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. மரத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடச் சுற்றுகளால் பெருக்கினால் விடை 6,000க்கும் 9,000க்கும் இடையில் இருக்க வேண்டும். பத்து அங்குலக் கிண்ணமானால் 600 முதல் 900 சுற்று. சமநிலையில்லாத முரட்டு மரத்துக்கு அதிலும் குறைவு. பத்து அங்குல மரம் 800 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு மணிக்கு சுமார் 38 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. கவனமில்லாமல் 3,000 சுற்றில் போட்டால் அதே விளிம்பு 140 கிலோமீட்டரைத் தாண்டும். மரத்தைப் பிய்த்தெறியும் விசை வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதால் அது 14 மடங்காகிவிடும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று அப்போதுதான் வாய் திறக்கும்.

சுழலும் அச்சு நிற்பவரின் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். தாழ்ந்தால் இடுப்பு வலிக்கும், உயர்ந்தால் தோள் வலிக்கும். அதிர்வைக் குறைக்க லேத் நிற்கும் தாங்கியின் அடியில் மணல் மூட்டைகளை அடுக்குவது மலிவான, பலனுள்ள வழி. வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழவேண்டும். அப்போதுதான் பரப்பின் மேடுபள்ளம் நிழலாகத் தெரியும். பழைய சோக் வைத்த டியூப்லைட் மட்டும் இருக்கும் அறையைத் தவிர்க்க வேண்டும். நொடிக்கு 100 முறை மினுக்கும் அந்த ஒளியில், சுழலும் மரம் சில வேகங்களில் நின்றுவிட்டதுபோல் தோன்றும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் சத்தத்தையும் அதிர்வையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தரைத்தளத் தாழ்வாரமோ மொட்டைமாடிக் கொட்டகையோ இருந்தால் அக்கம்பக்கத்தாரோடு உறவு கெடாது.

மரம் நம்மைச் சுற்றியே இருக்கிறது

கடைசலுக்கு மரக்கடைப் பலகை தேவையில்லை. புயலில் சாய்ந்த வாகை, வீடு கட்ட வெட்டிய மா, பட்டுப்போன பலா, கழித்துவிட்ட கொய்யாக் கிளை எல்லாம் பயன்படும். பூவரசு பார்வைக்கு அழகு. கறிக்கடைக் கட்டைக்கு உகந்த புளியமரத்தின் வைரம், கடைவதற்குக் கடினமானாலும் நிலைத்து நிற்கும். தேக்கு அழகுதான், ஆனால் அதிலுள்ள மணல் போன்ற சிலிக்கா உளியை விரைவில் மழுங்கடிக்கும். சந்தனம், செம்மரம், ஈட்டி போன்றவை சட்டக் கட்டுப்பாட்டில் இருப்பவை. உரிய சீட்டில்லாத துண்டைத் தொடவே கூடாது.

சீமைக்கருவேலம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் நிலத்தைப் பிடித்த பீடை என்று வெட்டிக் கரிமூட்டம் போடுகிறோம். அதன் நெருங்கிய உறவான மெஸ்கீட் மரத்தை அமெரிக்காவின் டெக்சாஸ் கடைசல்காரர்கள் தேடித்தேடி வாங்குகிறார்கள். அடர்த்தியான மரம், செம்பழுப்பு நிறம், காயும்போது மிகக் குறைவாகவே சுருங்கும் குணம். நம் சீமைக்கருவேலத்தின் அடிமரமும் குணத்தில் பெரிதும் ஒத்தது. முள்ளைக் கவனமாகக் கழித்துவிட்டால், ராமநாதபுரத்திலும் விருதுநகரிலும் விறகு விலைக்குக் கிடைப்பது கிண்ணத்துக்கான முதல்தர மரம். அயல் மரத்துக்கு ஆசைப்படும் முன் இதைக் கடைந்து பார்க்க வேண்டும்.

ஈர மரம் எளிதில் சீவும், நீண்ட சுருள்களாக வரும், தூசி எழாது. ஆனால் காயும்போது கோணும். மரத்தின் ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் சுருங்கத் தொடங்குகிறது. வளையங்களின் போக்கில் சுருங்கும் அளவு, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. வட்டமாகக் கடைந்த கிண்ணம் முட்டை வடிவமாவது இதனால்தான். தீர்வு, இருமுறை கடைவது. முதலில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனம் விட்டு, அதாவது பத்து அங்குலக் கிண்ணத்துக்கு ஓர் அங்குலச் சுவர் வைத்துக் கடைந்து, வெட்டுமுகங்களில் மெழுகு பூசிக் காற்றாட வைக்க வேண்டும். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து, பென்சிலால் அடியில் எழுதிவர வேண்டும். எடை குறைவது நின்றதும் மரம் காய்ந்துவிட்டது. பிறகு மறுபடி லேத்தில் ஏற்றி உண்மையான வட்டமாக்கலாம்.

மேற்பூச்சுக்குச் சமையலறைப் பொருளானால் ஆளிவிதை எண்ணெய் நன்று. தேங்காய் எண்ணெய் மரத்தில் ஒருபோதும் இறுகாது. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது. அது காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்தோ நீரில் நனைத்தோதான் அப்புறப்படுத்த வேண்டும்.

தூசியும் உடலும்

பறக்கும் கட்டை கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் பயப்படுகிறோம். தூசி தெரிவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995இலேயே மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. மூக்கையும் அதைச் சூழ்ந்த குழிகளையும் தாக்கும் புற்றுநோய் அது. பிரிட்டனில் வேலையிடக் காற்றில் கடின மரத்தூசி கன மீட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். ஈட்டி, தேக்கு போன்றவை தோலில் அரிப்பையும் உண்டாக்கும்.

துணி முகக்கவசம் போதாது. குறைந்தது என்95 தரமுள்ளது, முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்துவது வேண்டும். உப்புத்தாள் போடும்போது உறிஞ்சியை மரத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்த வேண்டும். வேலை முடிந்த பிறகும் நுண்தூசி நெடுநேரம் காற்றில் மிதக்கும் என்பதால், கவசத்தைக் கழற்ற அவசரப்படக் கூடாது. கூரும் ஆரோக்கியமும் இங்கேதான் கைகோக்கின்றன. கூரான கௌஜ் விட்டுச்செல்லும் பரப்பில் 180ஆம் நம்பர் உப்புத்தாளிலிருந்தே தொடங்கலாம். 80ஆம் நம்பர் தேவைப்பட்டால் சாணைக்குத் திரும்ப வேண்டும் என்று பொருள்.

முகம் முழுவதையும் மூடும் கவசம் இல்லாமல் லேத்தைப் போடக் கூடாது. தொங்கும் எதுவும் உடலில் இருக்கலாகாது: துண்டு, துப்பட்டா, முழுக்கைச் சட்டை, கழுத்துச் சங்கிலி, கையுறை. 2011 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பட்டறையில் இரவு தனியே வேலை செய்துகொண்டிருந்த மாணவி ஒருவர், உலோக லேத்தில் தலைமுடி சிக்கி இறந்தார். திறமைசாலிக்கும் எந்திரம் இரண்டாம் வாய்ப்பு தருவதில்லை. கூந்தலை முடிந்து தொப்பிக்குள் வைப்பதும், வீட்டில் ஒருவர் இருக்கும்போது மட்டும் ஓட்டுவதும் பழக்கமாக வேண்டும்.

கற்கும் வரிசை

கிண்ணத்தில் தொடங்குவதா, நீளக் கட்டையில் தொடங்குவதா? கிண்ணம் ஆசையைத் தூண்டும், விரைவில் பலன் தரும் என்பது ஒரு தரப்பு. கட்டையில்தான் கை பழகும் என்பது மறுதரப்பு. இரண்டாவதே வலுவானது. நீளக் கட்டையில் நார் அச்சுக்கு இணையாக ஓடுகிறது. பருமனிலிருந்து ஒல்லியை நோக்கிச் சரிவில் இறங்கினால் உளி எப்போதும் நாரின் ஆதரவோடு வெட்டும். விதி ஒன்றுதான், அதை மீறினால் உடனே தெரிந்துவிடும். கிண்ணத்தில் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை நாரின் முகப்பும் இருமுறை நாரின் பக்கமும் உளிமுன் வருகின்றன. வெளிப்புறம் அடியிலிருந்து விளிம்பை நோக்கியும், உட்புறம் விளிம்பிலிருந்து மையத்தை நோக்கியும் கடைய வேண்டும். தவறு செய்தால் ஏன் என்று புரிவதற்குள் மரம் கெட்டுவிடும்.

இரண்டு அங்குலச் சதுரமும் பத்து அங்குல நீளமும் கொண்ட மலிவான கட்டைகள் ஒரு கட்டு வாங்கிக்கொள்ளலாம். உருளையாக்கி, பென்சிலால் கோடு போட்டு, மணியும் பள்ளமுமாக மாற்றி மாற்றிக் கடைந்து, முடிந்ததும் எல்லாவற்றையும் வழித்து மறுபடி தொடங்க வேண்டும். பாதுகாத்து வைக்க ஏதுமில்லாதபோது கை துணிந்து கற்கும். எல்லா வெட்டுக்கும் வரிசை ஒன்றே: உளி முதலில் லேத்தின் உளித்தாங்கியில் அமர வேண்டும், அடுத்து அதன் சரிவு மரத்தைத் தொட வேண்டும், பிறகு பிடியை மெல்ல உயர்த்த, விளிம்பு வெட்டத் தொடங்க வேண்டும். விளிம்பு முதலில் பட்டால் குத்தும். சரியாக வெட்டும்போது ஓசையே சொல்லிவிடும். கடகடப்பு அடங்கிச் சீறல் வரும், தூளுக்குப் பதில் சுருள் எழும். மத்து, பூரிக்கட்டை, பம்பரம் ஆகிய மூன்றும் நன்றாக வந்த பிறகு கிண்ணத்துக்குப் போகலாம்.

யாரிடம்?

மேலை நாட்டுப் பொழுதுபோக்காளர் சங்கத்தில் சேருகிறார், பயிற்சிப் பட்டறைக்குக் கட்டணம் கட்டுகிறார். ஆஸ்திரேலியாவில் முதிய ஆண்கள் கூடி வேலை செய்யும் பொதுக் கொட்டகைகள் ஊர்தோறும் உண்டு. அவற்றுக்கான தேசியச் சங்கம் 2007இல் உருவானது. நம்மிடம் அந்த அமைப்புகள் இல்லை. ஆனால் நாள் முழுதும் கடைபவர்கள் இருக்கிறார்கள்.

அவர்களிடம் போவதில் சில இடர்ப்பாடுகள் உண்டு என்பதை மறைக்கத் தேவையில்லை. தொழில்முறைக் கடைசலின் இலக்கு வேகம், நூறு கால்களை ஒன்றுபோல் எடுப்பது. அவர்களின் உளிகள் உள்ளூர் உலையில் அடித்தவை, பிடிக்கும் விதமும் ஆங்கிலப் புத்தகங்களில் சொல்வதிலிருந்து வேறுபடும். சொல்லி விளக்கும் பழக்கம் பலருக்கு இருக்காது. செய்து காட்டுவார்கள், கண்ணால் கற்க வேண்டும். முகக்கவசமோ தூசி உறிஞ்சியோ இல்லாத பட்டறைகள் பல.

இந்த இடர்ப்பாடுகளுக்குள்தான் வாய்ப்பும் இருக்கிறது. நூறு கால்களை ஒன்றுபோல் எடுக்கும் கைக்குத் தெரிந்தது, வாரக்கடைசியில் ஒரு கிண்ணம் கடைபவருக்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகே தெரியவரும். கூர் மழுங்குவதை அவர்கள் கையிலேயே உணர்கிறார்கள். எந்த மரம் எந்தப் பருவத்தில் வெடிக்கும் என்று பார்த்ததும் சொல்கிறார்கள். கற்கப் போகிறவர் வேடிக்கை பார்ப்பவராகப் போகாமல், அவருடைய நாளின் கூலியைக் கொடுத்து மாணவராக அமர வேண்டும். தூசி பற்றியும் முகக்கவசம் பற்றியும் தான் படித்தறிந்ததைக் கைமாறாகக் கொண்டுபோக வேண்டும். இரு தரப்புக்கும் தேவையான கொடுக்கல் வாங்கல் இது.

பூம்புகார் போன்ற அரசுக் கைவினை நிறுவனமும் தொழிற்பயிற்சி நிலையங்களும் மனம் வைத்தால், அம்பாசமுத்திரத்திலும் நரசிங்கன்பேட்டையிலும் கட்டண வார இறுதி வகுப்புகளை நடத்துவது கடினமல்ல. சொப்பு விற்றால் வரும் வருமானத்தோடு, கற்பித்தால் வரும் வருமானமும் சேர்ந்தால், அடுத்த தலைமுறை பட்டறையை விட்டுப் போகாமலிருக்க ஒரு காரணம் கிடைக்கும். இங்கிலாந்தில் லெய்லியின் உளிகளை அருங்காட்சியகத்தில் வைத்துப் படித்தறிய வேண்டிவந்தது. நமக்கு அந்த நிலை வராமலிருக்க இன்னும் காலம் இருக்கிறது.

எனவே கடைசல் கற்க நினைப்பவருக்கு என் பரிந்துரை இதுதான். லேத்துக்காக ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை முதலில் எடுத்துவையுங்கள். உங்கள் ஊரில் கட்டில் கால் கடையும் பட்டறை எங்கே என்று விசாரியுங்கள். அங்கே போய் ஒரு மாதம் சனி ஞாயிறுகளில் கூலி கொடுத்துக் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு கிரைண்டரும் முகக்கவசமும் வாங்குங்கள். அதற்குள் எந்த லேத் வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.